மின்சாரமும் கரியமிலக் கணக்கும்

நுழையும்முன்

மின்சாரம் இல்லாத ஒரு நாளை எண்ணிப் பார்ப்பது இன்று அரிதாகிவிட்டது. விளக்கும் தறியும் நீரேற்றும் பொறியும் கைப்பேசியும் அதனால் இயங்குகின்றன. பயன்படுத்தும் இடத்தில் மின்சாரம் புகை எழுப்புவதில்லை; அது பிறக்கும் இடத்திலோ பெரும்பாலும் நிலக்கரி எரிகிறது. அவ்வாறு எரிவதனால் வெளிப்படும் கரியமில வாயு எவ்வளவு? அது ஆண்டுதோறும் எவ்வாறு மாறிவந்துள்ளது? அம்மாற்றத்தைக் காட்டும் எண்களை எவ்வாறு படிக்க வேண்டும்? இவ்வினாக்களுக்குத் தென்காசி மாவட்டத்து விசைத்தறி ஊர் ஒன்றிலிருந்து விடை தேடுகிறது இப்பாடம்.

தறி ஓடும் ஊர்

சங்கரன்கோவில் என்றதும் சங்கரநாராயணர் திருக்கோவிலும் ஆடித்தபசுத் திருவிழாவும் நினைவுக்கு வரும். அவ்வூருக்கு மற்றோர் அடையாளமும் உண்டு. தெருக்களில் நடப்போரின் செவிகளில் இடைவிடாது விழும் விசைத்தறிகளின் ஒலியே அது. பாவு நூலுக்கும் ஊடை நூலுக்கும் இடையே நாடா ஓடிக்கொண்டிருக்கும்வரை அங்குப் பல குடும்பங்களின் அடுப்பு எரியும். விசைத்தறித் தொழிலாளர்களுள் பலருக்கு நெய்த துணியின் அளவுக்கேற்பவே கூலி கிடைக்கிறது. ஆகவே, தறி நின்றால் கூலியும் நிற்கும்.

தறி நின்ற காலமும் உண்டு. 2008ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாடு கடும் மின்பற்றாக்குறைக்கு உள்ளாகியது. 2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்வெட்டு நிலவியது. விசைத்தறிக் கூடங்களும் சிறுதொழில் நிலையங்களும் பெரிதும் பாதிப்புற்றன. தேர்வுக்குப் படித்த மாணவர்கள் மண்ணெண்ணெய் விளக்கை நாடினர். அப்பற்றாக்குறையைத் தீர்ப்பதில் நிலக்கரியின் பங்கே பெரிதாக இருந்தது. 2012 முதல் 2015 வரையிலான காலத்தில் மேட்டூரில் 600 மெகாவாட், வட சென்னையில் 1,200 மெகாவாட், வல்லூரில் 1,500 மெகாவாட், தூத்துக்குடியில் 1,000 மெகாவாட் என 4,300 மெகாவாட் திறனுள்ள புதிய அனல்மின் அலகுகள் இயங்கத் தொடங்கின. தறிகள் மீண்டும் தடையின்றி ஓடின. அதே வேளையில் வளிமண்டலத்தில் சேரும் கரியமில வாயுவும் மிகுந்தது. மக்களுக்கு மின்சாரம் வேண்டும். வளிமண்டலமும் காக்கப்பட வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேர எண்ணிப் பார்க்க முதலில் தேவைப்படுவது சரியான கணக்கு.

அருவியிலிருந்து அனலுக்கு

தமிழ்நாட்டின் மின்வரலாறு நிலக்கரியை மட்டும் நம்பித் தொடங்கவில்லை. சென்னை நகருக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிலக்கரியால் மின்சாரம் எடுக்கப்பட்டது. ஆயினும், மாநிலத்தின் பிற பகுதிகளுக்கு மின்னொளியைக் கொண்டுசென்றவை பெரும்பாலும் ஆறுகளே. 1930களில் நீலகிரியின் பைக்காராவும் காவிரியின் மேட்டூரும் நீர்மின்சாரம் தரத் தொடங்கின. 1944இல் தாமிரபரணியின் பாபநாசம் நீர்மின் நிலையம் அவற்றோடு சேர்ந்தது. உழவர்களின் கிணறுகளில் மின்மோட்டார்கள் பொருத்தப்பட்டதற்கும் கோவையிலும் தென்மாவட்டங்களிலும் நூற்பாலைகள் பெருகியதற்கும் இந்நீர்மின்சாரம் துணைநின்றது. நீர்மின் நிலையத்தில் எரிபொருள் இல்லை; எனவே எரிதலால் வரும் கரியமில வாயுவும் இல்லை.

1957இல் தமிழ்நாடு மின்வாரியம் தோன்றியபின் மின்தேவை விரைந்து வளர்ந்தது. மழை பொய்த்தால் அணைகளில் நீர் குறையும். நீர் குறைந்தால் மின்சாரமும் குறையும். புதிய நீர்மின் நிலையங்களுக்கு ஏற்ற இடங்களும் ஓர் எல்லைக்கு மேல் கிடைக்கவில்லை. ஆகவே, மாநிலம் நிலத்தடியை நோக்கித் திரும்பியது. 1930களில் நெய்வேலிப் பகுதியில் ஜம்புலிங்கனார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய மண்போன்ற பொருள் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956இல் நெய்வேலியில் பொதுத்துறை நிறுவனம் அமைந்தது. 1962இல் சோவியத் நாட்டின் ஒத்துழைப்போடு அங்கு அனல்மின் உற்பத்தி தொடங்கியது. பின்னர் எண்ணூர், தூத்துக்குடி, மேட்டூர், வட சென்னை என அனல்மின் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

சங்கரன்கோவிலுக்கு அணித்தே உள்ள பெரிய அனல்மின் நிலையம் தூத்துக்குடியில் இருக்கிறது. 1979இல் அதன் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 210 மெகாவாட் திறனுடைய ஐந்து அலகுகள் அங்கு நிறுவப்பட்டன. ஒடிசா மாநிலத்துத் தால்சேர் சுரங்கங்களில் வெட்டப்படும் நிலக்கரி, தொடர்வண்டியில் பாராதீப் துறைமுகம் சென்று, கப்பலேறித் தூத்துக்குடிக்கு வருகிறது. ஒரு தறி ஓடுவதற்குப் பின்னால் இவ்வளவு நெடிய பயணம் மறைந்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத வாயு

அனல்மின் நிலையத்தில் நடப்பதை எளிதாக விளக்கலாம். நிலக்கரி மாவாக அரைக்கப்பட்டுக் கொதிகலனில் எரிக்கப்படுகிறது. அவ்வெப்பத்தால் நீர் உயரழுத்த நீராவியாகிறது. நீராவி சுழலியைச் சுழற்றுகிறது. சுழலியோடு இணைந்த மின்னாக்கி மின்சாரத்தைத் தருகிறது. நிலக்கரியில் உள்ள கார்பன், காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாக மாறிப் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. இதனையே கரியமில வாயு என்கிறோம்.

இவ்வாயுவிற்கு நிறமில்லை. புகைபோக்கியின் உச்சியில் காணப்படும் கருமை, முழுதும் எரியாத கரித்துகளும் சாம்பலும் ஆகும். குளிர்விப்புக் கோபுரத்தின்மேல் வெண்முகிலாய் எழுவது நீராவி. புகையைக் கண்டு கரியமில வாயுவின் அளவை மதிப்பிட முடியாது. சாம்பலை வடிகட்டும் கருவிகளால் புகைபோக்கி தூய்மையாகத் தோன்றும்போதும் கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும்.

அதன் அளவை அறிய வேதியியல் பாடத்தில் கற்ற அணு எடை உதவுகிறது. கார்பனின் அணு எடை 12. இரண்டு ஆக்சிஜன் அணுக்களின் எடை 32. ஆகவே, 12 கிராம் கார்பன் முழுதும் எரிந்தால் 44 கிராம் கரியமில வாயு உண்டாகும். எரிக்கப்பட்ட கார்பனைவிட வெளிப்பட்ட வாயுவின் எடை ஏறத்தாழ 3.67 மடங்கு மிகுதி. கூடுதல் எடையைத் தருவது காற்றிலிருந்து சேர்ந்த ஆக்சிஜன்.

இந்திய அனல்மின் நிலையங்களில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி தேவைப்படுகிறது. இந்திய நிலக்கரியில் சாம்பல் மிகுதி, கார்பன் குறைவு. 700 கிராம் நிலக்கரியில் ஏறத்தாழ 270 கிராம் கார்பன் இருப்பதாகக் கொண்டால், அதனை 3.67ஆல் பெருக்க, ஏறத்தாழ ஒரு கிலோ கிடைக்கும். அதாவது, நிலக்கரியிலிருந்து பெறும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்திற்கும் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. பழுப்பு நிலக்கரியில் இவ்வளவு இன்னும் மிகும். இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழப் பாதியாகக் குறையும்.

தெரிந்து தெளிவோம்

கரியமில வாயு வெப்பக் கதிர்களை ஈர்த்துக்கொள்ளும் என்பதை அயர்லாந்தில் பிறந்த அறிவியலாளர் ஜான் டிண்டால் 1859இல் ஆய்வு வழியே கண்டறிந்தார். நிலக்கரி எரிப்பு மிகுந்தால் புவியின் வெப்பநிலை உயரக்கூடும் என்பதைச் சுவீடன் நாட்டு அறிவியலாளர் சுவாந்தே அர்ரேனியசு 1896இல் கணக்கிட்டு வெளியிட்டார். அமெரிக்கரான சார்லசு டேவிட் கீலிங் 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் வளிமண்டலக் கரியமில வாயுவைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அது, கீலிங் அளக்கத் தொடங்கியபோது ஏறத்தாழ 315 ஆக இருந்தது. இன்று 420ஐக் கடந்துவிட்டது.

ஒரே தொகுப்பு, ஒரே கணக்கு

சங்கரன்கோவில் தறிக்கு வரும் மின்சாரம் தூத்துக்குடியிலிருந்துதான் வருகிறதா? அவ்வாறு பிரித்துச் சொல்ல இயலாது. அனல், நீர், அணு, காற்று, சூரிய ஒளி ஆகியவற்றிலிருந்து பெறும் மின்சாரம் முழுவதும் மின்தொகுப்பில் கலக்கிறது. 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பும் நாட்டின் பிற பகுதிகளின் தொகுப்பும் ஒத்தியங்குமாறு இணைக்கப்பட்டன. அன்று முதல் நாடு முழுவதும் ஒரே தொகுப்பாயிற்று. பல கால்வாய்களின் நீர் ஒரு குளத்தில் கலந்தபின், ஒரு குடத்து நீர் எக்கால்வாயினது என்று கேட்பதில் பொருளில்லை. அதனால்தான் மின்சாரத்தின் கரியமிலக் கணக்கிற்கு நாட்டின் சராசரி பயன்படுத்தப்படுகிறது.

அச்சராசரியை மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுகிறது. ஒவ்வொரு நிலையமும் எரித்த எரிபொருளின் அளவு, அதன் வெப்ப மதிப்பு, அதில் அடங்கிய கார்பன் ஆகியவற்றைக் கொண்டு அந்நிலையத்தின் உமிழ்வு கணிக்கப்படுகிறது. எல்லா நிலையங்களின் உமிழ்வையும் கூட்டினால் நாட்டின் மின்துறை வெளியிட்ட மொத்த உமிழ்வு கிடைக்கும். அதனை மொத்த மின் உற்பத்தியால் வகுத்தால் ஒரு யூனிட்டுக்கான உமிழ்வு கிடைக்கும். முன்னதை மொத்த அளவு எனவும் பின்னதை உமிழ்வு வீதம் எனவும் கொள்ளலாம்.

இரண்டு எண்கள், இரண்டு செய்திகள்

இந்திய மின்துறையின் மொத்த உமிழ்வு 2005-06ஆம் ஆண்டில் ஏறத்தாழ 47 கோடி டன். 2018-19இல் அது ஏறத்தாழ 96 கோடி டன்னாக உயர்ந்தது. அடுத்த ஆண்டு சற்றுக் குறைந்து, கொரோனாப் பெருந்தொற்றால் தொழில்கள் முடங்கிய 2020-21இல் ஏறத்தாழ 91 கோடி டன்னாயிற்று. தொழில்கள் மீண்டதும் 2021-22இல் 100 கோடி டன்னைக் கடந்தது. பதினாறு ஆண்டுகளில் மொத்த அளவு இருமடங்கைத் தாண்டியிருக்கிறது.

உமிழ்வு வீதமோ வேறொரு செய்தியைத் தருகிறது. 2005-06ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.82 கிலோ வெளிப்பட்டது. அண்மை ஆண்டுகளில் அது ஏறத்தாழ 0.72 கிலோவாகக் குறைந்துள்ளது. குறைந்த நிலக்கரியில் மிகுந்த மின்சாரம் தரும் உயர் அழுத்தக் கொதிகலன்கள் வந்தமை, பழைய அலகுகள் நிறுத்தப்பட்டமை, காற்றாலைகளும் சூரிய மின்தகடுகளும் பெருகியமை ஆகியவை இதற்குக் காரணங்கள். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இலும் நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020இலும் தம் இயக்கத்தை நிறுத்திக்கொண்டன.

வீதம் குறைந்திருக்க, மொத்தம் எவ்வாறு உயர்ந்தது? இதே பதினாறு ஆண்டுகளில் நாட்டின் மின் உற்பத்தி ஏறத்தாழ 2.4 மடங்காக வளர்ந்ததே காரணம். ஒரு நெசவாளர், சேலை ஒன்றுக்குச் செலவாகும் நூலைச் சற்றுக் குறைத்துவிட்டார் என்று கொள்வோம். ஆனால், முன்பு மாதம் பத்துச் சேலை நெய்தவர் இப்போது இருபத்து நான்கு நெய்தால், மொத்தத்தில் நூல் மிகுதியாகவே செலவாகும். உமிழ்வுக் கணக்கும் இத்தகையதே. வீதத்தை மட்டும் காட்டினால் எல்லாம் சீராகிவருவதாகத் தோன்றும். மொத்தத்தை மட்டும் காட்டினால் எம்முயற்சியும் நிகழவில்லை எனத் தோன்றும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை புலப்படும். புவியின் வெப்பத்தை உயர்த்துவது காற்றில் சேரும் மொத்த அளவே என்பதையும் மறத்தல் ஆகாது.

இக்கணக்கை இல்லத்திற்கும் தொழிற்கூடத்திற்கும் பொருத்திப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு திங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அதனை 0.72ஆல் பெருக்கினால் 72 கிலோ. 2023 முதல் விசைத்தறிகளுக்கு இரு திங்களுக்கு 1,000 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அதன் உமிழ்வு 720 கிலோ. பழைய வீதத்தின்படி இது 820 கிலோவாக இருந்திருக்கும். தறியில் எந்த மாற்றமும் இல்லை. நெய்பவரும் எதையும் மாற்றவில்லை. மின்சாரம் பிறக்கும் முறை சற்று மாறியதால் நூறு கிலோ குறைந்திருக்கிறது.

ஆடிக்காற்றும் ஆலையும்

அம்மாற்றத்தில் தென்மாவட்டங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. காற்றை அது வரும் திசைகொண்டு பெயரிட்டவர் தமிழர். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. தென்மேற்குப் பருவக்காலத்தில் இம்மேல்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களில் நுழைந்து விரைவு பெறுகிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்கள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. ஆடித்தபசுக்காகச் சங்கரன்கோவிலில் மக்கள் கூடும் ஆடித் திங்களில்தான் அக்காற்றும் வலிமையோடு வீசுகிறது. 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்னும் பழமொழியின் பொருள் அங்கு நன்கு விளங்கும்.

1986இல் தூத்துக்குடிப் பகுதியில் மாதிரிக் காற்றாலைப் பண்ணை அமைக்கப்பட்டது. பின்னர் ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு, தென்காசி வட்டாரங்களில் காற்றாலைகள் பெருகின. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது. காற்று வலுத்த நாள்களில் அவை 5,000 மெகாவாட்டுக்கும் மேலாக மின்சாரம் தந்ததுண்டு. அத்தகைய நேரங்களில் அனல்மின் அலகுகளின் உற்பத்தி குறைக்கப்படுகிறது. அந்த அளவிற்கு நிலக்கரி எரியாமல் மிஞ்சுகிறது. 2016இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைந்தது. கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு மின் அலகுகள் இயங்குகின்றன. காற்றாலையின் இரும்பையும் சூரியத் தகட்டையும் செய்வதில் சிறிதளவு உமிழ்வு நேர்வது உண்மை. ஆனால், இயங்குங்கால் இவை நிலக்கரியை எரிப்பதில்லை.

திறனும் உற்பத்தியும்

காற்று ஆண்டு முழுவதும் ஒரே சீராக வீசுவதில்லை. ஐப்பசிக்குப் பின் காற்றாலைகளின் உற்பத்தி மிகவும் குறைந்துவிடும். கதிரவன் மறைந்தபின் சூரிய மின்சாரம் இல்லை. விளக்குகள் எரியத் தொடங்குவதோ அந்நேரத்தில்தான். ஆகவே, நிறுவுதிறன் என்பது வேறு. உண்மையான உற்பத்தி என்பது வேறு. 2025இன் நடுப்பகுதியில் இந்தியாவின் மின் நிறுவுதிறனில் பாதி, புதைபடிவ எரிபொருள் சாராததாக ஆயிற்று. 2030ஆம் ஆண்டிற்கென உலக நாடுகளிடம் அறிவித்த அவ்விலக்கை நாடு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே எட்டியது. எனினும், உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது.

இவ்விடைவெளியை நிரப்ப மின்சாரத்தைச் சேமிக்கும் வழிகள் வேண்டும். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் உள்ள 400 மெகாவாட் நிலையம் அத்தகைய வழிகளுள் ஒன்று. மின்சாரம் மிகுந்திருக்கும் நேரத்தில் கீழ் அணையின் நீர் மேல் அணைக்கு ஏற்றப்படுகிறது. தேவை மிகும் நேரத்தில் அந்நீர் கீழிறங்கி மின்சாரமாகிறது. பெரிய மின்கலத் தொகுதிகளும் இப்பணிக்கு வந்துகொண்டிருக்கின்றன. காற்றும் வெயிலும் தந்ததைச் சேமித்து இரவில் தறியை ஓட்ட முடிந்தால்தான் வீதத்தோடு மொத்தமும் குறையத் தொடங்கும்.

உலகின் கணக்கும் நம் பங்கும்

1882இல் இலண்டனில் பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கும் நிலக்கரி மின்நிலையம் தொடங்கப்பட்டது. 142 ஆண்டுகளுக்குப் பின், 2024 செப்டம்பர் 30 அன்று பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது. அந்நீண்ட காலத்தில் தொழில்வள நாடுகள் வெளியிட்ட கரியமில வாயுவின் பெரும்பகுதி இன்னும் காற்றிலும் கடலிலும் தங்கியிருக்கிறது. இன்றும் ஓர் அமெரிக்கருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 14 டன் என்ற அளவில் உமிழ்வு நேர, ஓர் இந்தியருக்கு அது ஏறத்தாழ 2 டன் மட்டுமே. அண்மையில்தான் மின்விளக்கைக் கண்ட குடும்பத்தையும் நூறாண்டுகளாக மின்சாரத்தை மிகுதியாகப் பயன்படுத்திய நாட்டையும் ஒரே தட்டில் நிறுத்துவது நடுவுநிலைமை ஆகாது.

எனினும், அந்நியாயம் கடலோர மக்களைக் கடல்மட்ட உயர்விலிருந்து காப்பாற்றாது; பருவம் தவறும் மழையையும் திருத்தாது. வானம் பார்த்த கரிசல் நிலத்து உழவர்க்கு இது வாழ்வுச் சிக்கல். இதனை உணர்ந்தே, 2070ஆம் ஆண்டிற்குள் நிகரச் சுழிய உமிழ்வை எட்டுவதாக இந்தியா 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது. இப்பாடத்தைப் படிக்கும் மாணவர்கள் தம் முதுமையில் காணக்கூடிய ஆண்டு அது.

சங்கரன்கோவிலின் தறிகள் நிற்க வேண்டும் என்று எவரும் கூறமாட்டார். அவை ஓடும்போது வெளிப்படும் கரியமில வாயு 820 கிலோவிலிருந்து 720 கிலோவாகக் குறைந்தது ஒரு தொடக்கம். இன்னும் 720 கிலோ எஞ்சியிருக்கிறது. அதனைக் குறைக்கும் பொறியாளரும் நெசவாளரும் ஆட்சியாளரும் இன்றைய வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்குக் கைகொடுக்கும் முதற்கருவி, எண்களை முழுமையாகப் படிக்கும் பழக்கமே.

சொல்லும் பொருளும்

உமிழ்வு – எரிதல் முதலியவற்றால் காற்றில் வெளிவிடப்படும் வாயு
மின்தொகுப்பு – மின்நிலையங்களையும் பயனாளர்களையும் இணைக்கும் மின்கம்பி வலையமைப்பு
நிறுவுதிறன் – ஒரு மின்நிலையம் தரக்கூடிய உச்ச அளவு
நிகரச் சுழியம் – வெளிவிடும் அளவும் நீக்கப்படும் அளவும் சமமாகும் நிலை
அணித்தே – அருகிலே

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டு மின்கட்டண அட்டையில் உள்ள கடந்த ஆறு கணக்கீடுகளின் யூனிட்டுகளைக் கூட்டி, அதற்கான கரியமில வாயுவின் அளவைக் கணக்கிடுக.
2. 'உமிழ்வு வீதம் குறைந்தது. எனவே உமிழ்வு குறைந்தது' என்னும் கூற்றின் பிழையை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. நிறுவுதிறனுக்கும் உற்பத்திக்கும் உள்ள வேறுபாட்டைக் காற்றாலையைக் கொண்டு எழுதுக.
4. 'வளர்ச்சிக்கு மின்சாரம் வேண்டும். வாழ்வுக்குத் தூய காற்று வேண்டும்' என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.